வெயிலை யாரும் சந்தேகப்படவில்லை

அந்த அம்மா பால் போத்தலை வாங்கியதும் முதலில் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்ப்பார். பிறகு பிள்ளையை வாங்கி அதன் வாயை முகர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் நம் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை இருக்கிறதே, பெற்ற தாயைக் களவு கேசில் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியது போல இருக்கும்.

"இதுல என்னாத்த கலந்த?"

"பால் மட்டுந்தான் ஆயாம்மா."

"யாரு சொன்னா?"

"நான்தான் கரைச்சேன். நான்தான் சொல்றேன்."

"ம்."

அந்த 'ம்' என்பதற்கு, இன்றைக்கு உன்னை விட்டுவிடுகிறேன், ஆனால் நம்பவில்லை என்று அர்த்தம். எல்கடுவப் பக்கத்து மலையில் எங்கள் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவை அவர்தான் வெகுகாலம் பார்த்துக்கொண்டார். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. காலையில் விட்டால் கொழுந்து நிறுத்துவிட்டு வந்துதான் தூக்குவோம். நடுவில் ஒரு தடவை வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். நான் உயர்தரம் படித்தவள். கல்யாணம் முடிந்து, வேறு வேலை கிடைக்காமல், கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போன சில வருஷங்களில் என் மகள் ஜெனி அவர் கையில்தான் இருந்தாள். இப்போது நான் மாத்தளை டவுனில் பாலர் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மாரின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் ஞாபகம் வந்துவிடும். நானும் கொஞ்சம் உற்றுப் பார்க்கத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

குள்ளமான, கட்டையான உடம்பு. நூல் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. இடுப்பில் சாவிக்கொத்து. அவர் நடக்கும்போது அந்தச் சாவிகள் சத்தம் போடாது. கையால் பிடித்துக்கொண்டே நடப்பார். திடீரென்று முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

யார் என்ன சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். பஸ் போய்விட்டது என்று சொன்னால், ரோட்டுக்கு இறங்கிப்போய் நின்று, அது வராததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். ஒருதடவை ரத்தோட்டையில் நடக்க இருந்த ஒரு கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்று மாப்பிள்ளையின் தகப்பனே போன் பண்ணிச் சொன்னார். இவர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய், பூட்டிக் கிடந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "இப்ப நம்புறீங்களா?" என்று புஷ்பம் கிண்டலாகக் கேட்டாள். "மண்டபம் பூட்டியிருக்குன்னு நம்புறேன். கல்யாணம் எங்க நடந்துச்சோ" என்றார்.

புஷ்பம் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரி. அவளுடைய மகனும் என் மகளும் ஒரே வயது. அந்த அம்மாவைப் பற்றி ஏதாவது பேச வேண்டுமென்றால் நாங்கள் இருவரும்தான் பேசுவோம்.

போத்தலை முகர்வதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் அந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்னால், ஒரு தாய் தன் பிள்ளைக்கு இருமலுக்குக் கொடுக்கிற பாணி மருந்தைக் கூடுதலாகக் கொடுத்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். பிள்ளை தூங்கினால் ஆயா திட்ட மாட்டாள் என்ற எண்ணம் அவளுக்கு. பிள்ளை தூங்கித்தான் தூங்கியது, எழுப்பினாலும் எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். ஆனால் எல்லாரும் கேட்டது இந்த அம்மாவைத்தான். அன்றைக்குப் பிடித்த முகர்கிற பழக்கம், அதன் பிறகு விடவில்லை. எங்கள் துணிப்பைகளையும் நாங்கள் போன பிறகு கிளறிப் பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். வைத்த துணி வைத்த மாதிரி இருக்காது. கேட்டால், "பையில கை வச்சத யாரு பாத்தா?" என்பார்.

அந்த வருஷத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை எங்களுக்குப் புதிதல்ல. ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தால் மூன்று நாளைக்கு விடாது. ஆனால் அது பொறுமையான மழை. அன்றைக்குப் பகல் பெய்தது அப்படியல்ல. ஒரு மாதத்துக்குப் பெய்ய வேண்டியதை வானம் ஒரு பொழுதில் கொட்டியது. மலைக்கான் வாய்க்கால் நிறைந்து, சேறும் கல்லுமாக வெள்ளம் பிள்ளைக்காம்பராவுக்குள் புகுந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால், அந்த அம்மா எல்லாப் பிள்ளைகளையும் மேசைமேல் ஏற்றி, முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் விரித்து அணை மாதிரி மறித்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையின் கால்கூட நனையவில்லை. எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது.

ஆனால் அவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "தண்ணித் தாங்கிய தொறந்து விட்டது யாரு?" என்பதுதான்.

"யாரும் தொறக்கல ஆயாம்மா. மழ."

"மழ தண்ணி இவ்வளவு வருமா? எத்தன மழ பாத்திருக்கேன். வாச்சரு குடிச்சிட்டுத் தொறந்து விட்டுட்டான்."

அதற்குப் பிறகு பல நாள் அவர் வாச்சரை விடவில்லை. தாங்கி மேட்டுக்கு ஏறிப்போய்ப் பூட்டைப் பார்த்தார், துருவைப் பார்த்தார், திருகினால் எந்தப் பக்கம் தண்ணீர் போகும் என்று பார்த்தார். வாச்சர் பாவம், சாராயத்தைக்கூட ஒளித்துக் குடிக்கத் தொடங்கினான். நாங்களும் பாதி நம்பினோம். இத்தனை தண்ணீர் மேலிருந்து சும்மா விழுந்தது என்பதைவிட, ஒரு மனிதன் திறந்துவிட்டான் என்பது நம்புவதற்கு லேசாக இருந்தது.

தாங்கி முடிந்து அவர் மரத்துக்கு வந்தார். பிள்ளைக்காம்பராவின் கூரைக்கு மேலே குடை பிடித்தது போல ஒரு பெரிய வாகை நின்றது. வெள்ளத்தில் அதன் வேர்ப்பக்கத்து மண் கொஞ்சம் போயிருந்தது. "இந்த மரம் சரியுது. அடுத்த மழைக்குப் புள்ளைங்க தலையில விழும்" என்று தோட்ட மேனேஜர் தொரையிடம் போய் நின்றார். மரம் சரியவில்லை என்று தொரை சொன்னார். யார் சொன்னது என்று இவர் கேட்டார். கடைசியில் அவருடைய தொல்லை தாங்காமல் மரத்தை வெட்டினார்கள். எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தக் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தில் குளிருக்கென்று கட்டியது. கருங்கல் சுவர், தகரக் கூரை, ஆள் தலை நுழையாத அளவுக்குச் சின்ன ஜன்னல்கள். எங்கள் மலையில் பிள்ளைக்கு ஒரே எதிரி குளிர். அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள், நாங்களும் அப்படித்தான் வளர்த்தோம். பிள்ளை பிறந்த அன்றே தலையில் கம்பளித் தொப்பி ஏறிவிடும், தாடைக்குக் கீழே நாடாவால் முடிச்சுப் போட்டுவிடுவோம். அதற்குமேல் சுவெட்டர். மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்து வழியே நடந்து பாருங்கள், ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி நிறுத்தித் திட்டுவாள். தொப்பி போடாத தாய் தாயே இல்லை. காற்று பட்டால் சளி, சளி பிடித்தால் நெஞ்சு, நெஞ்சடைத்தால் பிள்ளை இல்லை. இதில் மட்டும் அந்த அம்மாவும் எங்களோடு ஒன்று. ஜன்னல்களை அவரே ஆணி அடித்து மூடியிருந்தார்.

மழைக்குப் பிறகு வந்தது வெயில். தை முடிந்ததோடு நின்ற மழை சித்திரை பிறந்தும் வரவில்லை. மலையில் கொழுந்து கருகிச் சுருண்டது. வேலைக்குப் போன பெண்கள் இரண்டொருவர் தேயிலைச் செடிக்கு மேலேயே மயங்கி விழுந்தார்கள். கண்டி, கொழும்பு என்று எங்கேயோ இருக்கிற வெயில் எப்படி எங்கள் மலைக்கு ஏறி வந்தது என்று ஆச்சரியமாகப் பேசிக்கொண்டோம். லயத்துக்குத் தண்ணீர் வருகிற பீலி நூல் மாதிரி மெலிந்து, பிறகு சொட்டி, பிறகு நின்றுவிட்டது. பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பவுசர் தண்ணீரை அந்த அம்மா நம்புவாரா? "எங்க புடிச்சாங்க இத? யாரு பாத்தா?" என்று வாளிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வடிகட்டினார், கொதிக்க வைத்தார், ஆற வைத்தார், அடியில் மண்டி தங்குகிறதா என்று பார்த்தார். மண்டி தங்கினால் முழுவதையும் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குவார். அந்தச் சின்னக் கேத்தலில் அவருடைய பரிசோதனையெல்லாம் தாண்டி வந்த தண்ணீரைப் பிள்ளைகளுக்கு ஒரு குட்டிக் கோப்பையில் அளந்துதான் கொடுப்பார். அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கும் வயிற்றோட்டம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் கவனித்தவள் புஷ்பம்தான். பால் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"என் புள்ள அழுவல."

"நல்லதுதானே."

"இல்லடி. பால் குடுக்கத் தூக்குறேன், கண்ணத் தொறக்கல. தலைய அப்படியே போட்டுக்கிட்டு கெடக்கு. ஒரு வாய் குடிக்கிறான், அப்புறம் தூங்குறான்."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. முன்பெல்லாம் பிள்ளைக்காம்பராவின் அழுகை மேலே மலைக்குக் கேட்கும். இந்தச் சத்தம் யாருடைய பிள்ளை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பறிப்போம். இப்போது சில நாளாக அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மாலையில் தூக்கினால் ஜெனி சிவந்த முகத்தோடு, ஈரத்துணி போலத் தோளில் கிடந்தாள். வீட்டுக்கு வந்து இருட்டி, காற்று குளிர்ந்த பிறகுதான் சிணுங்கினாள்.

"மருந்து குடுக்கிறா" என்றாள் புஷ்பம். "நம்மளையே மோந்து மோந்து பாத்தாளே, அவதான் குடுக்கிறா. வயசாயிடுச்சு, இத்தன புள்ளைய பாக்க முடியல. தூங்கப் போட்டுட்டு வெளியில குந்திக்கிறா."

எனக்கு உடனே அது சரி என்று பட்டது. அவர் கதவைச் சாத்திவிட்டு, வெளி வராந்தாவில் அதற்கு எதிரே பலகையில் உட்கார்ந்துதான் காவல் காப்பார். யாரும் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக அது அவருடைய வழமையான இடம். ஆனால் ஒருவரைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டால் அவர் உட்காருவதும் குற்றம், எழும்புவதும் குற்றம். பகல் முழுக்க அந்த வெயில் மலையில் நிற்கிற எங்களுக்குத்தான், பிள்ளைகள் நிழலில் கல் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்றே நாங்கள் நினைத்தோம்.

வேடிக்கை என்னவென்றால், அதே நாட்களில் அந்த அம்மாவும் எங்களை அதே விஷயத்துக்காகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். காலையில் பிள்ளையை வாங்கும்போது கண்ணிமையைத் தூக்கிப் பார்ப்பார். "ராத்திரி என்னா குடுத்த?" என்று கேட்பார். ஒன்றும் கொடுக்கவில்லை என்றால், "அப்ப ஏன் பகலெல்லாம் தூங்குது?" என்பார். அதைத்தான் நாங்களும் கேட்க வந்தோம். அவர் முந்திக்கொண்டு கேட்பதே பெரிய தந்திரம் என்று புஷ்பம் சொன்னாள். இப்படியே நாங்கள் அவர் கையைப் பார்க்க, அவர் எங்கள் கையைப் பார்க்க, நடுவில் பிள்ளைகள் வாடிக்கொண்டிருந்தன.

ஒருநாள் பகல் நாங்கள் எல்லாரும் மலையிலிருந்து இறங்கிவிட்டோம். தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு, சின்னத் தொரையையும் வரவழைத்து, பிள்ளைக்காம்பராவின் அலுமாரியைத் திறக்கச் சொன்னோம். அந்த அம்மா சாவியைக் கொடுக்கத் தாமதித்தார். அதுவே போதும் என்றிருந்தது எங்களுக்கு. திறந்தால் பால்மா டின்களுக்குப் பின்னால் பாணி மருந்துப் போத்தல்கள். பாதி இருந்தவை, கால் இருந்தவை, அடியில் கொஞ்சம் இருந்தவை.

பெண்களிடம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் ஒரு போத்தலை எடுத்துத் தூக்கிக் காட்டி, "இது என்னாம்மா?" என்று கேட்டார்.

"அவளுங்களக் கேளுங்க" என்றார் அந்த அம்மா. "எல்லாம் இவளுங்க பையில இருந்து நான் எடுத்தது."

"எடுத்தா ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவாளுங்களா? இப்ப கேளுங்களேன், யாரு ஒத்துக்குறான்னு பாப்போம்."

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் என் பையில் அப்படி எதையும் வைத்ததில்லை. ஆனால் அந்தப் போத்தல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வயது, ஒவ்வொரு கடை லேபல். ஒரே ஆள் வாங்கியவை போல இல்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் புஷ்பத்தைப் பார்த்தேன். புஷ்பம் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நாள் ஒரே தட்டில் சோறு தின்றவள் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

விசாரணை முடியும்வரை அந்த அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவர் சாவிக்கொத்தை எங்கள் யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று சின்னத் தொரையின் கையில் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று, "புள்ளைங்கள நல்லாப் பாத்துக்கங்க. ஒங்கள்ல ஒருத்தி பண்ற வேல இது" என்றார். எங்களுக்கு அது சாபம் விட்டது போல இருந்தது.

அவருக்குப் பதிலாக ஒரு இளம் பெண் வந்தாள். முகரவில்லை, கிளறவில்லை, சிரித்த முகத்தோடு பிள்ளைகளை வாங்கினாள். எங்களுக்கு மனம் நிறைந்துபோனது. இனி பிள்ளைகள் அழும், விளையாடும் என்று பேசிக்கொண்டு மலைக்கு ஏறினோம். அந்த வாரம் முடிவதற்குள், ஒரு பகல், அந்தப் பெண் மலைக்கு ஓடிவந்தாள். ஜெனிக்கு வலிப்பு.

மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் த்ரீவீலில் இறங்கிய வழி எனக்கு இப்போதும் சரியாக ஞாபகம் இல்லை. மகளுக்குக் காற்றுப் படாமல் என் சால்வையாலும் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவள் உடம்பு அடுப்புக் கல் மாதிரிச் சுட்டது. அங்கே இருந்த டாக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, என்னைவிட வயது குறைவு. சால்வையை உருவி எறிந்தார், சுவெட்டரைக் கழற்றினார், தொப்பியைப் பிடித்து இழுத்தார். சளி பிடிக்கும் என்று நான் சிங்களத்தில் கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. ஈரத் துணியைப் போட்டு, கையில் ஊசி ஏற்றித் தண்ணீர் ஏற்றினார்கள்.

"ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?" என்று அவரும் கேட்டார். உலகத்தில் எல்லாரும் என்னைக் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான் போலிருந்தது. இல்லை, ஆயா கொடுத்திருப்பாள் என்று சொல்ல வாயெடுத்து, ஆயா அங்கே இப்போது இல்லையே என்று நிறுத்தினேன். டாக்டர் பிள்ளையைப் பார்த்தார், கழற்றிப் போட்ட கம்பளியைப் பார்த்தார். மருந்து இல்லை, வெயில் என்றார். சூடு உடம்புக்குள் ஏறிவிட்டது, தண்ணீர் போதவில்லை, மலைப்பக்கத்திலிருந்து இப்படிப் பிள்ளைகள் வருகிறார்கள், முன்பு வந்ததில்லை என்றார்.

ஜெனி மாலையில் கண் திறந்து, வார்டே அதிர அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். ஆனால் டாக்டர் சொன்னதை நம்பினேனா என்று கேட்டால், இல்லை. எல்கடுவயில் வெயில் ஒரு பிள்ளையை அடிக்குமா? அதுவும் வீட்டுக்குள் கிடந்த பிள்ளையை? டவுனில் பிறந்து வளர்ந்த பெண், மலையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்றுதான் தோன்றியது.

ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாவின் காம்பராவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் வெயில்னு சொல்றாங்க ஆயாம்மா. மருந்து இல்லியாம்."

"யாரு சொன்னா?"

"டாக்டர்னு சொல்றேனே."

"நீ சொல்ற, டாக்டர் சொன்னாருன்னு." சுளகைக் கீழே வைத்தார். "நீ வீட்டுல என்னமோ குடுத்திருக்க. இப்ப அத மறைக்கிறதுக்கு வெயிலு மேல பழியப் போடுற."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "பெத்த புள்ளைக்கு நான் ஏன் குடுக்கப் போறேன்? ஒங்க புத்திதான் எல்லாருக்கும் இருக்கும்னு நெனைக்கிறீங்களா?"

"அந்தப் புள்ளைங்க உள்ளுக்கு நெழல்ல கெடந்துச்சுங்க. நெழல்ல எங்க இருந்துடி வெயில் வரும்? நான் வாசல்லயே குந்திக்கிட்டு இருந்தேன். எனக்கு வந்துச்சா?"

திரும்பி வந்துவிட்டேன். நான் வாசலைத் தாண்டிய பிறகும் சுளகுச் சத்தம் மறுபடி கேட்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு இப்போது பல கதைகள் உண்டு. விசாரணைக்கு முதல்நாள் இரக்கம் தேடிக்கொள்ள அந்த அம்மா ஆடிய நாடகம் என்று சொல்கிறவர்கள் இன்றும் தோட்டத்தில் இருக்கிறார்கள். எனக்கே ஒரு காலம் அப்படி ஒரு எண்ணம் இருந்தது. அவர் அதற்குப் பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. விசாரணையும் நடக்கவில்லை. உடம்பு முன்னைப் போல ஆகவே இல்லை, சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். வில்கமுவப் பக்கம் வயல் செய்கிற மகனோடு போய் இருந்தார். அங்கே அடுத்த பெருமழையில் பாலம் உடைந்து, கிளினிக்குக்குப் போக வழியில்லாமல் கிடந்து, செத்துப்போனார். செய்தி வந்தபோது எங்கள் லயத்தில் ஒருவர்கூட அது உண்மையா என்று கேட்கவில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். மாதா கோயிலில் பூசை முடிந்து நானும் புஷ்பமும் இன்னும் சில பெண்களும் வந்துகொண்டிருந்தோம். உச்சி வெயில். ஜெனி என் இடுப்பில் இருந்தாள். கோயிலுக்கு என்பதால் நல்ல தொப்பியாகப் பார்த்துப் போட்டுவிட்டிருந்தேன். டாக்டர் சொன்னது சொன்னதுதான், ஆனால் ஊர் பார்க்கிறதே. வளைவு திரும்பும்போது அந்த அம்மா பிள்ளைக்காம்பராவின் கதவைத் திறந்து உள்ளே நுழைவதைப் பார்த்தோம். கக்கத்தில் ஒரு துணி மூட்டை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"சாவி இன்னொண்ணு வச்சிருக்கா" என்றாள் புஷ்பம். "நான் சொல்லல? நாளைக்கி விசாரண. எதையோ கொண்டுபோய் வைக்கிறா."

"பால்மாவுல கலக்கப் போறாளோ" என்றாள் இன்னொருத்தி.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவாகியது. தட்டினால் மறைத்துவிடுவாள், வெளியே வரும்போது மூட்டையோடு மடக்குவோம் என்றேன். அது என் யோசனைதான், நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். எதிரே கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் நிழலில் உட்கார்ந்தோம். ஒருத்தி தலைவரைக் கூட்டிவரப் போனாள். காத்திருந்தோம். நல்ல காற்று வந்தது அங்கே. உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு நேரம் என்ன செய்கிறாள் என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்றைக் கற்பனை பண்ணிச் சொன்னோம். பூசை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் சோறாக்கிச் சாப்பிட்டும் முடித்திருப்பார்கள். தலைவர் வந்ததும் முதல் வேலையாகக் கதவைத் தள்ளினார்.

சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. நாங்கள் ஒருவரும் இந்த நேரத்தில், கதவு சாத்திய அந்த அறைக்குள் நின்றதில்லை. பால் கொடுக்க வருகிறபோது ஆயா பிள்ளையை வாசலுக்குத் தூக்கி வந்துதான் கொடுப்பார். தகரம் தலைக்கு மேல் பொரிந்துகொண்டிருந்தது. கண் இருட்டுக்குப் பழக, அந்த அம்மா தெரிந்தார். பிள்ளைகளைப் படுக்கப் போடுகிற பாயில் கிடந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட சுவெட்டர். காதை மூடிய கம்பளித் தொப்பி, தாடைக்குக் கீழே முடிச்சு. இடுப்புவரை போர்வை. தலைமாட்டில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் அளக்கிற அந்தக் குட்டிக் கோப்பை, காய்ந்து கிடந்தது. மூட்டையில் இருந்தது இவ்வளவுதான். நாங்கள் எங்கள் பிள்ளைகளை எப்படி உடுத்திவிடுவோமோ அப்படி உடுத்தி, அவர் எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுப்பாரோ அவ்வளவு குடித்து, அவர்கள் கிடந்த இடத்தில் கிடந்து பார்த்திருக்கிறார். கண் பாதி திறந்திருந்தது. உடம்பில் வியர்வை இல்லை.

தலைவரும் நானும் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். புஷ்பம் பவுசர் வாளியை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். சுவெட்டரைக் கிழித்தோம். யாரோ த்ரீவீலுக்கு ஓடினார்கள். வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டோம். முதலில் வழிந்தது, பிறகு விழுங்கினார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து இழுத்துக் குடித்தார். புஷ்பம் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் ஆயாம்மா, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? நாங்க இந்தா வெளியிலதான இருந்தோம். ஒரு சத்தம்."

அந்த அம்மா அவளைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

"போடத்தான் நெனச்சேன்" என்றார். "வரல."

பிறகு எங்கள் இடுப்பில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் கோயிலுக்குப் போய்வந்த பிள்ளைகள், எல்லார் தலையிலும் தொப்பி.

"நானே பெரிய மனுஷி. எனக்கே அழுவ வரலடி."

கையை நீட்டி, என் மகளின் தாடைக்குக் கீழே இருந்த முடிச்சைத் தொட்டார். விரலில் தெம்பு இல்லை, அவிழ்க்க முடியவில்லை. நான் அவிழ்த்தேன். என் பக்கத்தில் புஷ்பமும் அவிழ்த்தாள்.